காத்திருப்பின் கூலி

2020 மார்ச்சில் எத்தனை பேர் எனக்கு வெனிஸ் டால்பின் வீடியோவை அனுப்பினார்கள் என்று எண்ணத் தொடங்கி, பத்தைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். மனிதர்கள் வீட்டுக்குள் அடைந்ததும் கால்வாய்களுக்கு டால்பின் திரும்பிவிட்டதாம், அன்னம் நீந்துகிறதாம், பூமி மூச்சு விடுகிறதாம். டால்பின் நீந்தியது சார்டீனியா தீவின் காலியாரி துறைமுகத்தில். அன்னங்கள் புரானோ தீவுப் பக்கம் எப்போதும் இருப்பவை. கால்வாய்த் தண்ணீர் தெளிந்தது மட்டும் நிஜம். படகுகள் ஓடாததால் அடியில் கிடந்த சேறு கிளம்பவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அதே நாட்களில், மார்ச் 18 இரவு, வெனிஸிலிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் பெர்காமோவில் ராணுவ லாரிகள் வரிசையாகச் சவப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போயின. ஊர் எரியூட்டு நிலையத்தால் சமாளிக்க முடியாமல் வேறு ஊர்களுக்கு அனுப்பினார்கள். மார்ச் 13 அன்று அந்த ஊர் நாளிதழான 'லேகோ தி பெர்காமோ'வில் இரங்கல் அறிவிப்புகள் மட்டும் பத்துப் பக்கம் வந்தன. இரண்டையும் ஒரே செல்போன் திரையில் பார்த்துவிட்டு, "ஆளே இல்லாத வெனிஸ் எவ்வளவு அழகு பாருங்க" என்று எழுத ஒரு மனசு வேண்டும். எழுதினார்கள். தமிழிலும் எழுதினார்கள். கவிதையாகவே எழுதினார்கள்.

இது ஒரு கூட்டம். இன்னொரு கூட்டம் கொஞ்சம் படித்த கூட்டம், நம்முடைய கூட்டம். இருபதுகளில் தத்துவம் வாசிக்கத் தொடங்கிய எவரும் ஜார்ஜியோ அகம்பென் பெயரைத் தாண்டாமல் போயிருக்க முடியாது. வெற்று வாழ்வு, விதிவிலக்கு நிலை, முகாம் என்று அவர் தந்த சொற்கள் நம் விவாதங்களில் கருவேப்பிலை மாதிரி எல்லாவற்றிலும் கிடக்கும். அவர் 2020 பிப்ரவரி 26 அன்று 'இல் மனிஃபெஸ்தோ' நாளிதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். கொள்ளைநோய் ஒன்று ஜோடிக்கப்படுகிறது என்பதுதான் அதன் தலைப்பின் பொருள். விதிவிலக்கு நிலையை நியாயப்படுத்தப் பயங்கரவாதம் என்ற காரணம் தீர்ந்துபோய்விட்டது, இனி அந்த இடத்துக்கு நோய் வந்திருக்கிறது என்பது வாதம். கட்டுரை வந்து மூன்று வாரத்தில் பெர்காமோவின் லாரிகள் கிளம்பின.

பிரெஞ்சுத் தத்துவவாதி ழான்-லுக் நான்சி, அகம்பெனின் பழைய நண்பர், உடனே பதில் எழுதினார். கிட்டத்தட்ட முப்பது வருடம் முன்பு நான்சிக்கு இதய மாற்று அறுவை சிகிச்சை தேவை என்று மருத்துவர்கள் சொன்னபோது, "அவங்க பேச்சைக் கேக்காதே" என்று சொன்ன மிகச் சிலரில் அகம்பெனும் ஒருவர். கேட்டிருந்தால் நான் எப்போதோ செத்திருப்பேன் என்கிறார் நான்சி. எவ்வளவு மரியாதையான அறை! இதை நம் ஊரில் அகம்பென் மேற்கோள் போடுபவர்கள் ஏனோ மேற்கோள் காட்டுவதில்லை.

அகம்பென் சொன்னதெல்லாம் அபத்தம் என்று ஒதுக்கிவிட்டுப் போவது சுலபம். நான் அதைச் செய்யப்போவதில்லை. அந்த ஏப்ரலில் அவர் கேட்ட ஒரு கேள்வி இன்னமும் உறுத்துகிறது: நமக்கு நெருக்கமானவர்கள் தனியாகச் சாகவும், அவர்கள் உடல் சடங்கில்லாமல் எரிக்கப்படவும் நாம் எப்படிச் சம்மதித்தோம்? அதற்கு நேர்மையான பதில் யாரும் இதுவரை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. என் சண்டை வேறு இடத்தில். தனிமைப்படுத்தலைச் சுதந்திரத்தின் மரணம் என்று சொன்னவரும் சரி, காலி நகரத்தைப் பார்த்து உருகியவர்களும் சரி, தாங்கள் பேசிக்கொண்டிருந்த அந்தக் கடலின் வரலாற்றை மறந்துவிட்டுப் பேசினார்கள். அகம்பென் வெனிஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 2021 ஜூலையில் கிரீன் பாஸை எதிர்த்து அவரோடு கையெழுத்திட்ட மாஸிமோ கச்சாரி, தத்துவவாதி மட்டுமல்ல, வெனிஸின் முன்னாள் மேயர். ஊர்க்காரர்களே மறந்துவிட்டார்கள்.

மறந்தது இதைத்தான்: குவாரண்டைன் என்ற ஏற்பாட்டைச் செய்தவர்கள் பயணத்தை நிறுத்த விரும்பியவர்கள் அல்ல. பயணம் நின்றால் பட்டினி கிடக்க வேண்டியவர்கள்.

அட்ரியாட்டிக் கடலை வரைபடத்தில் பாருங்கள். மேற்கே இத்தாலி, கிழக்கே இன்றைய குரோஷியா, நடுவில் ஒரு குறுகிய நீர்ப்பட்டை. இரண்டு தேசம், இரண்டு மொழிக் குடும்பம், ஆனால் சமையலறைக்குள் போனால் குழம்பிவிடும். டால்மேஷியக் கரையில் முள்கரண்டிக்குப் பேச்சு வழக்கில் 'பிரூன்', அது வெனிஸ்காரர்களின் சொல். தக்காளி 'பொமிதோர்'. துண்டு 'ஷுகமான்'. வெனிஸில் கப்பல்கள் வந்து நின்ற பெரிய கரைக்குப் பெயரே ஸ்லாவியர்களின் கரை, ரிவா தெல்லி ஸ்கியவோனி. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் டால்மேஷியர்கள் கட்டிக்கொண்ட சங்கக் கட்டடம், உள்ளே கர்பாச்சோ வரைந்த ஓவியங்கள். காப்பியில் மட்டும் எனக்குத் தெரிந்து பெரிய பேதம் உண்டு. இத்தாலியர் நின்றுகொண்டே ஒரு மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்புவார். டால்மேஷியாவில் ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காருவார்கள். எதற்கெடுத்தாலும் 'பொமாலோ' என்பார்கள். "மெதுவா, என்ன அவசரம்" என்று பொருள். குவாரண்டைனைக் கண்டுபிடித்தது இந்தப் பக்கம்தான் என்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ஊர் அன்று ரகூசா. 1358 வரை ஒன்றரை நூற்றாண்டு வெனிஸின் பிடியில் இருந்து, பிறகு விடுபட்டு, தன்னைத் தானே ஆண்டுகொண்ட வணிகக் குடியரசு. 1348இல் கறுப்புச் சாவு அந்த ஊரையும் வாரிக்கொண்டு போயிருந்தது. 1377இல் அதன் பெரிய சபை ஒரு சட்டம் போட்டது. கொள்ளைநோய் உள்ள இடங்களிலிருந்து வருபவர் யாராயினும் நேராக ஊருக்குள் வரக்கூடாது. பக்கத்திலுள்ள மிர்கான் தீவிலோ சவ்தாத் ஊரிலோ ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம். ஊர்க்காரர் யாராவது அங்கே போய் அவர்களைப் பார்த்தால், பார்த்தவரும் ஒரு மாதம் அங்கேயே கிடக்க வேண்டும். அனுமதி பெற்றவர் தவிர வேறு யாரும் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது.

இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது அதில் இல்லாத ஒரு சொல்: 'போ'. திரும்பிப் போ என்று அது யாரையும் சொல்லவில்லை. அதுவரைக்கும் ஊர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் கதவை அடைப்பதும் வந்தவரை விரட்டுவதும்தான். ரகூசாவால் அதைச் செய்ய முடியாது. பின்னால் மலை, முன்னால் கடல், விளைச்சல் நிலம் கொஞ்சம். பால்கன் உள்நாட்டு வெள்ளியையும் தோலையும் வாங்கி இத்தாலிக்கு விற்றுத்தான் சோறு. கதவை அடைத்தால் பசியில் சாவு, திறந்தால் நோயில் சாவு. அதனால் கதவுக்கு முன்னால் ஒரு முற்றம் கட்டினார்கள். என் தொழிலில் இதற்கு பஃபர் என்று பெயர். இரண்டு அமைப்புகள் ஒரே வேகத்தில் இயங்க முடியாதபோது நடுவில் ஒரு காத்திருப்பு இடம் வைக்கிறோம். வருவது எதுவும் தொலையாது, தாமதமாக உள்ளே போகும். நடுவில் வைத்த அந்த இடத்தைச் சிறை என்று எந்தப் பொறியாளனும் சொல்ல மாட்டான். சரி, உவமையை இதற்கு மேல் இழுக்கவில்லை. மனிதர்கள் டேட்டா பாக்கெட் இல்லை, அவர்களுக்குப் பசிக்கும். அதற்குத்தான் வரப்போகிறேன்.

இந்த ரகூசாவின் கொடியில் எழுதியிருந்த சொல் 'லிபெர்த்தாஸ்', சுதந்திரம். நகரின் மேற்கே லோவ்ரியெனாட்ஸ் கோட்டை வாசலில் இன்றும் ஒரு லத்தீன் வாசகம் இருக்கிறது, உலகத்துத் தங்கம் அத்தனைக்கும் ஈடாகக்கூடச் சுதந்திரத்தை விற்பது தகாது என்ற பொருளில். 1416இல் அடிமை வணிகத்துக்குத் தடை போட்ட ஊர் அது. பிரபு குடும்பங்கள் மட்டும் ஆண்ட ஊர்தான், ஜனநாயகம் என்று நான் கூசாமல் சொல்லிவிட முடியாது. ஆனாலும் சுதந்திரத்தைத் தன் அடையாளமாகவே எழுதிவைத்துக்கொண்ட ஒரு குடியரசு, அதே கையால் குவாரண்டைன் சட்டத்தையும் எழுதியது. அவர்களுக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை. அகம்பெனுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

வெனிஸ் இதைப் பெரிதாக்கியது. 1423இல் லகூனில் ஒரு தீவில் நோயாளிகளுக்கென லாஸரெட்டோ வெக்கியோ. 1468இல் நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுபவர்களுக்கும் சரக்குகளுக்கும் தனியாக லாஸரெட்டோ நுவோவோ. நோயாளியையும் சந்தேகத்துக்குரியவரையும் தனித்தனியாக வைக்க வேண்டும் என்பதை, கிருமி என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் அவர்கள் கண்டுகொண்டார்கள். 2020இல் எத்தனை நாடுகள் இந்த ஒரு பாடத்தில் கோட்டை விட்டன! நாற்பது நாளைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லிலிருந்துதான் குவாரண்டைன் என்ற பெயரே வந்தது. லாஸரெட்டோ நுவோவோவில் நூறு மீட்டருக்கு மேல் நீளமான ஒரு சரக்குக் கூடம் இன்னும் நிற்கிறது. அதன் சுவர்களில் காத்துக்கிடந்தவர்களும் காவல்காரர்களும் செம்பழுப்பு மையில் கிறுக்கிய பெயர்கள், கப்பல்கள், வியாபாரக் குறிகள். எங்கிருந்து வந்தோம், என்ன சரக்கு என்று எழுதிவைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் சுவரில்தான் எழுதுவான், அப்போது ஃபேஸ்புக் இல்லை.

இன்னும் தெளிவான சாட்சி வேண்டுமென்றால் ஸ்பிளிட் நகருக்குப் போக வேண்டும். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் தானியேல் ரோத்ரீகா என்ற யூத வணிகர் வெனிஸ் அரசை வருடக்கணக்கில் நச்சரித்து, ஒட்டோமான் பகுதிகளிலிருந்து தரைவழியாக வரும் சரக்கெல்லாம் ஸ்பிளிட் வழியாக வெனிஸ் போகும்படி ஒரு துறைமுகம் அமைக்க வைத்தார். அந்தத் துறைமுகத்தின் மையக் கட்டடம் சுங்கச் சாவடியோ கிடங்கோ மட்டும் இல்லை, ஒரு பிரம்மாண்டமான லாஸரெட்டோ. இங்கே முறையாகக் காக்க வைத்து, கம்பளியையும் தோலையும் காற்றாட விட்டு அனுப்புகிறார்கள் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் வணிகம் அந்த வழியே வந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில் ரகூசாவும் தன் கிழக்கு வாசலான ப்ளோச்சேவில், உள்நாட்டிலிருந்து கழுதைக் கூட்டங்கள் வந்து நிற்கும் இடத்தில், வரிசையாக லாஸரெட்டோக்கள் கட்டத் தொடங்கியது. ஒரே வணிகத்துக்குப் போட்டி போட்ட இரண்டு கடைகள், யார் கடையில் நல்ல குவாரண்டைன் என்று போட்டி போட்டன.

லாஸரெட்டோ சொர்க்கம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். லாஸரெட்டோ வெக்கியோவின் மண்ணைத் தோண்டியபோது 1,500க்கும் மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. 1575 முதல் 1577 வரையிலான கொள்ளைநோயில் வெனிஸ் சுமார் 50,000 பேரை இழந்தது. ஓவியர் டிஷியன் செத்தது அந்த 1576இல்தான். காசுள்ள வணிகருக்கு அறை, ஏழைக்குக் கூட்டத்தில் ஓர் இடம். 1630இல் மந்துவா நகரத்துத் தூதர் வந்தபோது அவரைத் தனியாக சான் கிளமெந்தே தீவில் தங்கவைத்தார்கள். அவருக்காக அங்கே வேலை செய்யப் போன ஒரு தச்சன் வழியாக நோய் நகரத்துக்குள் நுழைந்தது என்பது வெனிஸின் வரலாற்று நூல்கள் சொல்வது. தூதர் தீவில் இருந்தார், தச்சன் சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அந்த அலையிலும் 46,000 பேர் அளவில் செத்தார்கள்.

ஆனால் அந்த ஏற்பாட்டின் உள்ளே ஓர் ஒப்பந்தம் இருந்தது. உன்னைக் காக்க வைப்பது நான், அதனால் உனக்குச் சோறு போடும் பொறுப்பும் என்னுடையது. வெனிஸ் தன் உப்பு நிர்வாகத்தின் வருமானத்திலிருந்து லாஸரெட்டோவுக்குப் பணம் ஒதுக்கியது. வைத்தியர், பாதிரியார், நிர்வாகி எல்லோருக்கும் சம்பளம் அரசு கொடுத்தது. பல சமயம் திருடினார்கள், பல சமயம் போதவில்லை, ஆனாலும் பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பமில்லை. காத்திருப்பு எல்லோருக்கும் பொதுவானது. தூதருக்கு நல்ல தீவு கிடைக்கலாம், ஆனால் தூதரும் தீவுக்குத்தான் போக வேண்டும்.

இப்போது 2020 கோடைக்கு வருவோம். இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே அந்தக் கோடைக்காகத்தான்.

இத்தாலி மார்ச் 9 அன்று நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவித்தது. குரோஷியாவின் முதல் தொற்று பிப்ரவரி 25 அன்று, மிலானிலிருந்து திரும்பிய ஓர் இளைஞர். மார்ச் 22 காலையில், ஊரடங்குக்கு நடுவே, ஸாக்ரெப் நகரத்தை நிலநடுக்கம் குலுக்கியது. வீட்டுக்குள் இரு என்று சொன்ன அரசே வீட்டை விட்டு வெளியே வா என்று சொல்ல வேண்டிய காலை. ஆனாலும் அந்த முதல் அலையை குரோஷியா நன்றாகவே கையாண்டது. ஹ்வார் தீவில் ஐந்நூறு வருடமாக நடக்கும் பெரிய வியாழன் இரவுச் சிலுவை ஊர்வலத்தைக்கூட விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு நடத்திக் காட்டினார்கள். கட்டுப்பாடு தெரியாத ஜனங்கள் இல்லை.

பிறகு கோடை வந்தது. குரோஷியாவின் பொருளாதாரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சுற்றுலா. மே கடைசியிலேயே சில ஐரோப்பிய நாட்டவருக்கு எல்லை திறந்தது. இத்தாலி ஜூன் 3 அன்று ஐரோப்பியப் பயணிகளுக்குத் தனிமைப்படுத்தல் இல்லாமலே கதவைத் திறந்தது. ஜூன் 21 அன்று ஸதார் நகரத்தில் நோவாக் ஜோகோவிச் நடத்திய கண்காட்சி டென்னிஸின் இறுதிப் போட்டி ரத்தானது. ஆடிய கிரிகோர் திமித்ரோவுக்குத் தொற்று, இரண்டு நாளில் ஜோகோவிச்சுக்கும். அதோடு யாராவது நிதானித்தார்களா? இல்லை. ஆகஸ்டில் டால்மேஷியக் கடற்கரையிலிருந்து விடுமுறை முடித்துத் திரும்பியவர்களோடு தொற்றும் திரும்பியது. ஆஸ்திரியா எச்சரிக்கை விடுத்தது. ஜெர்மனி ஸ்பிளிட் பகுதியை அபாயப் பட்டியலில் சேர்த்தது. ஆகஸ்ட் 12 அன்று இத்தாலி, குரோஷியாவிலிருந்து வருபவர்களுக்குப் பரிசோதனை கட்டாயம் என்று உத்தரவிட்டது. குவாரண்டைனைக் கண்டுபிடித்த கரையிலிருந்து வருபவரை, அதற்குப் பெயர் வைத்த கரை சந்தேகப்பட்டது. டிசம்பரில் குரோஷியா ஐரோப்பாவிலேயே தொற்று விகிதம் மிக அதிகமான நாடுகளில் ஒன்று. எல்லாம் சுற்றுலாவால்தான் என்று நான் சொல்லவில்லை. குளிர்காலம், திருமணங்கள், சலிப்பு எல்லாமே உண்டு. ஆனால் கோடையில் திறந்த கதவை யாரும் முற்றமாக மாற்றவில்லை.

ஏன் மாற்றவில்லை? 1377இல் ரகூசாவுக்கு வந்த பயணி சரக்கோடு வந்தான். ஒரு மாதம் கழித்து உள்ளே போனாலும் வெள்ளி வெள்ளியாகத்தான் இருக்கும், தோல் தோலாகத்தான் இருக்கும். 2020இல் வந்த பயணியே சரக்கு. அவனுக்கு இருப்பது ஏழு நாள் விடுமுறை. பதினாலு நாள் காக்க வைத்தால் அந்தச் சரக்கு அழுகிப்போகும். தன்னையே விற்கும் ஊரால் யாரையும் காக்க வைக்க முடியாது. வெனிஸின் மையத் தீவுகளில் 1951இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள், 2022 ஆகஸ்டில் அது 50,000க்கும் கீழே போனது. துப்ரோவ்னிக் பழைய நகரில் மிஞ்சியிருப்பவர்கள் சில ஆயிரம்கூட இல்லை. அந்த 'ஆளில்லாத அழகு வெனிஸ்' மார்ச் 2020இல் திடீரென்று உருவாகவில்லை. ஊரில் முன்பே ஆளில்லை. விருந்தாளிகள் மட்டும் இருந்தார்கள், விருந்தாளிகள் போனதும் உண்மை தெரிந்தது. 2019 நவம்பர் 12 அன்று 187 செ.மீ. வெள்ளம் வந்து கடைகளின் தரைதளத்தை நாசம் செய்துவிட்டுப் போய் நாலு மாதம் ஆவதற்குள் இது. அந்தக் காலி கால்வாய்களைப் பார்த்து உருகியவர்கள் ஒருமுறைகூட, அங்கே ஒப்பந்தமே இல்லாமல் சீசனுக்குச் சீசன் தட்டு கழுவியவன் அந்த மாதம் என்ன சாப்பிட்டான் என்று கேட்கவில்லை.

துப்ரோவ்னிக் லாஸரெட்டோக்களை நான் 2022 அக்டோபரில் பார்த்தேன். கற்சுவர்களைச் சுத்தமாகப் புதுப்பித்திருக்கிறார்கள். இப்போது அங்கே நாட்டுப்புற நடனமும் கச்சேரியும் நடக்கின்றன. "உலகின் முதல் குவாரண்டைன் எங்களுடையது" என்று வழிகாட்டிப் பெண் பெருமையாகச் சொன்னார். பெருமைப்பட வேண்டியதுதான். கடந்த இரண்டு வருடம் இந்தக் கட்டடம் எதற்காவது பயன்பட்டதா என்று கேட்டேன். சிரித்தார். "கல்யாணத்துக்கு."

ஐரோப்பாவுக்குள் வந்த எல்லோரும் காத்திராமலா வந்தார்கள் என்று கேட்டால், இல்லை. ஒரு கூட்டம் நன்றாகக் காத்திருந்தது. 2020 ஏப்ரல் 7 அன்று இத்தாலி, வெளிநாட்டுக் கொடியோடு வரும் மீட்புக் கப்பல்களுக்குத் தன் துறைமுகங்கள் பாதுகாப்பான இடமல்ல என்று அறிவித்தது. ஏப்ரல் 12 அன்று, கடலில் மீட்கப்படும் அகதிகளைக் கப்பல்களிலேயே தனிமைப்படுத்தலாம் என்று இன்னோர் உத்தரவு. பயணிகள் இல்லாமல் சும்மா நின்ற ஃபெரி கப்பல்களை வாடகைக்கு எடுத்தார்கள். 'ரஃபயேலே ருபத்தீனோ', 'மோபி ஸாஸா'. சிசிலியின் போர்த்தோ எம்பெதோக்ளே ஊருக்கு எதிரே நின்ற மோபி ஸாஸாவிலிருந்து, கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், மே 20 அன்று துனீசியாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் கடலில் குதித்து மூழ்கிப்போனார். அக்டோபரில் ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்த 15 வயதுப் பையன் ஒருவன் இப்படி ஒரு கப்பலிலிருந்து உடல்நிலை மோசமாகி பலெர்மோ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு இறந்துபோனான்.

இந்த இரண்டு சாவுகளுக்கும் நடுவில், ஆகஸ்ட் 16 அன்று, அதே இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்திலிருந்து 'எம்.எஸ்.சி. கிராண்டியோசா' என்ற உல்லாசக் கப்பல் கிளம்பியது. மத்திய தரைக்கடலில் பெருந்தொற்றுக்குப் பிறகு கிளம்பிய முதல் பெரிய உல்லாசக் கப்பல். ஏறும் முன் ஒரு பரிசோதனை, கையில் ஒரு பட்டை, அவ்வளவுதான், நீச்சல்குளம் தயார். ஒரே கடல், ஒரே வைரஸ். ஒரு கப்பலில் ஏறினால் விடுமுறை, இன்னொன்றில் ஏறினால் பதினாலு நாள்.

கிழக்குக் கரையில் இதைவிட மோசம். குரோஷியாவின் போஸ்னிய எல்லையில், கதவே கிடையாது, முற்றமும் கிடையாது. காட்டு வழியாக வந்தவர்களை போலீஸ் அடித்துத் திருப்பி அனுப்பியது என்று அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2020 ஜூனில் குற்றஞ்சாட்டியது. உள்துறை அமைச்சகம் மறுத்தது. ஜெர்மன்காரனுக்கு ஆன்லைனில் ஒரு படிவம், ஆப்கானியனுக்குத் தடி. 1377இன் ரகூசா சொல்லாத அந்தச் சொல்லை, 'போ' என்ற சொல்லை, அந்த ரகூசாவைத் தன் பெருமை என்று சொல்லிக்கொள்ளும் நாடு சொன்னது.

என் கோபம் புரிகிறதா? முகாம் என்பதே நவீன அரசியலின் மறைவான மாதிரி என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் அகம்பென். வெற்று வாழ்வு என்ற சொல்லைத் தந்தவர் அவர். அந்தச் சொல்லுக்கு அச்சு அசலான உதாரணம் சிசிலிக் கடலில் நங்கூரமிட்டு நின்றது. அந்த மாதங்களில் அவருடைய பெரும் கவலையோ முகக்கவசம், ஆன்லைன் வகுப்பு, மூடிய பல்கலைக்கழகம். அடுத்த வருடம் கிரீன் பாஸ் வந்ததும் கச்சாரியும் அவரும், தடுப்பூசி போடாத இத்தாலியர்கள் இரண்டாம் தரக் குடிமக்கள் ஆகிறார்கள் என்று எழுதினார்கள். குடிமக்கள். குடிமகனே இல்லாதவனை அவர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

கிரீன் பாஸைப் பற்றி ஒரு தொழில்நுட்ப இடைச்செருகல், கம்ப்யூட்டர்காரன் புத்தி. 2021 ஜூலை 1 முதல் ஐரோப்பா முழுக்கச் செல்லுபடியான அந்த க்யூஆர் கோட் உண்மையிலேயே அழகான வேலை. உங்கள் பெயர், பிறந்த தேதி, தடுப்பூசி விவரம், அதன்மேல் அரசின் டிஜிட்டல் கையொப்பம். ஹோட்டல்காரர் ஸ்கேன் செய்யும்போது கையொப்பம் சரியா என்று மட்டும் அவர் போனிலேயே சரிபார்க்கப்படும். நீங்கள் எங்கே ஸ்பகெட்டி சாப்பிட்டீர்கள் என்று ரோமில் எந்த சர்வருக்கும் தகவல் போகாது. இதை எழுதியவர்களுக்குக் கண்காணிப்பு பற்றிய பயம் இருந்திருக்கிறது, அதற்கேற்ப வடிவமைத்திருக்கிறார்கள். இதற்கு முன்னோடியும் அங்கேயே உண்டு. பழைய இத்தாலிய நகரங்கள் பயணிக்குக் கொடுத்த ஆரோக்கியச் சான்றில் ஊர் முத்திரை, பெயர், வயது, தலைமுடியின் நிறம் எல்லாம் இருக்கும். அதைக் காட்டினால்தான் அடுத்த ஊர் கதவு திறக்கும். அந்தக் காகிதத்தோடுதான் நூற்றாண்டுக் கணக்கில் இத்தாலியர்கள் பயணம் செய்தார்கள்.

கிரீன் பாஸில் கண்டிக்க வேண்டியது வேறொன்று, அதை அந்த இருவரும் கண்டிக்கவில்லை. ஜூலை 1 அன்று ஐரோப்பிய மருந்து முகமையின் பட்டியலில் ஆஸ்ட்ராஜெனெகா இருந்தது, புனேயில் தயாரான அதே தடுப்பூசியான கோவிஷீல்டு இல்லை. குப்பிக்குள் இருப்பது ஒன்று, லேபிள் வேறு. பிறகு நாட்டுக்கு நாடு தனித்தனியாக ஏற்றுக்கொண்டார்கள். ஏற்கும்வரை சென்னையிலோ லாகோஸிலோ கோவிஷீல்டு போட்டுக்கொண்டவன் காத்திருந்தான். நோய் இருக்குமோ என்ற சந்தேகத்தில் அல்ல, எந்த ஊர் மருந்து என்ற சந்தேகத்தில். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவனுக்குக் காத்திருப்பு ஒன்றும் புதிதில்லை, விசா வரிசையிலேயே பாதி ஆயுள் போய்விடுகிறது. ஆனால் ரகூசாவின் சட்டம் கேட்டது ஒரே கேள்வி: நோய் உள்ள இடத்திலிருந்து வருகிறாயா? வந்தவன் பிரபுவா, கழுதைக்காரனா என்று அது பிரிக்கவில்லை.

வெனிஸ்காரர்கள் முழுக்க மறந்தவர்களும் இல்லை. 1576இன் நேர்த்திக்கடனுக்காகப் பல்லாடியோ கட்டிய ரெதெந்தோரே தேவாலயத்துக்கு இன்றும் ஜூலை மூன்றாம் ஞாயிறு மிதவைப் பாலம் போட்டு நடந்துபோகிறார்கள். 2020இல் வாணவேடிக்கையை ரத்து செய்துவிட்டு வழிபாட்டை மட்டும் நடத்தினார்கள். 1630இன் நேர்த்திக்கடன் லோங்கேனா கட்டிய சலூத்தே தேவாலயம், அதற்கு நவம்பர் 21இல் திருநாள். அன்று வீடுகளில் கஸ்த்ராதீனா என்று ஒரு குழம்பு வைப்பார்கள். உப்பும் புகையும் ஏற்றிக் காயவைத்த ஆட்டுக்கறியை முட்டைக்கோஸோடு மணிக்கணக்கில் வேகவைப்பது. வருடத்தில் மற்ற நாட்களில் அதைப் பெரும்பாலும் யாரும் சமைப்பதில்லை. 1630இல் நகரம் அடைபட்டுக் கிடந்தபோது உணவு அனுப்பியவர்கள் டால்மேஷியர்கள், எதிர்க்கரையிலிருந்து கப்பல் கப்பலாக அவர்கள் கொண்டுவந்த ஆட்டுக்கறி அது என்று வெனிஸில் சொல்கிறார்கள்.